பஞ்சாரத்துக்குள்ள நாய்க்குட்டி

புதுசா ஒரு நாய்க்குட்டி வந்திருக்கு, ஐம்பது நாள் குட்டி. வாசலை ஒட்டித் தார்ரோடு. முந்தின நாய் ராத்திரி லாரியில அடிபட்டுத்தான் செத்துச்சு. அதனால இதை ராத்திரி அடைச்சு வைக்கணும்.

பட்டணத்துல நீங்க கம்பிக்கூண்டு வாங்குவீங்க. எங்களுக்குக் கோழி கவுக்குற பஞ்சாரம் போதும். பகல்ல ஒரு பக்கம் கல் கொடுத்துத் தூக்கி, உள்ள சாக்கு விரிச்சு, அங்கேயே சோறு வச்சேன். ராத்திரி கவுத்து, மேல ஒரு கல்லு.

முதல் நாள் ஒரே கத்தல். "பச்சப்புள்ளய இப்படி அடைக்கிறீங்களே"ன்னு வீட்டுக்காரிக்கு மனசு தாங்கல. பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்தேன். படுக்குற இடத்தைக் குட்டி லேசுல அசிங்கம் பண்ணாது. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா வேப்பமரத்தடிக்குத் தூக்கிட்டுப் போனேன்.

அஞ்சாம் நாள், பொழுது சாஞ்சதும் தானே உள்ள போய்ச் சுருண்டுக்கிச்சு. கோவத்துல மட்டும் உள்ள போட்டு அடைச்சிடாதீங்க. அப்புறம் பஞ்சாரத்தைக் கண்டாலே ஓடும்.