விடுதிக்குப் போன பிள்ளை

இரயில்வேக் குடும்பத்தாருக்கு வீடு மாறுவது புதிய செய்தியன்று. மாற்றல் உத்தரவு கைக்கு வந்த சில நாட்களில் பாத்திரங்கள் சாக்கில் ஏறும். படங்கள் சுவரை விட்டு இறங்கும். புதிய ஊரில் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சிவிட்டால் அது நம் வீடாகிவிடுகிறது. சுவர் வேறாயினும் சோறு அதே சோறு. பேச்சு அதே பேச்சு.

மேற்படிப்புக்காக வெளியூர் வந்து விடுதியில் இடம் பெறும் பிள்ளையின் நிலை அத்தகையதன்று. அப்பிள்ளையோடு ஒரு பெட்டி வருகிறது. அடுப்பு வருவதில்லை, தாய் வருவதில்லை, வாசலில் நின்று பேசும் மொழியும் வருவதில்லை. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர் பலர் அத்தகைய பிள்ளைகளின் படிவங்களில் ‘உள்ளூர்ப் பாதுகாவலர்’ என்ற இடத்தில் கையெழுத்திட்டிருப்பர். கையெழுத்து இடுவது எளிது. அதன்பின் நாம் செய்யவேண்டியது யாது, செய்யாமல் இருக்கவேண்டியது யாது என்பதுதான் கடினமான வினா. ஓராண்டு அனுபவத்தால் எங்களுக்குத் தெரியவந்ததை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நாங்கள் கரக்பூரில் இரயில்வேக் குடியிருப்பில் வசிக்கிறோம். இவ்வூர் நிலையத்தின் நடைமேடை 1,072 மீட்டர் நீளமுடையது. நெடுங்காலம் உலகிலேயே நீளமான நடைமேடை என்று பெயர் பெற்றிருந்தது. 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹூப்ளியும் அப்பெருமையைக் கொண்டுபோய்விட்டன. நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் சென்றால் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் எங்கள் அக்காள் மகள் அங்கே வேதியியல் முதுநிலைப் படிப்புக்கு வந்து சேர்ந்தாள். திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் அரசுப் பள்ளியில் படித்தவள். பட்டப்படிப்பும் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வந்து முடித்தவள். ஓர் இரவுகூடத் தாயைப் பிரிந்து உறங்கியவள் அல்லள். ஏறக்குறைய 1,550 கிலோமீட்டர் கடந்து சென்னை வண்டியிலிருந்து அவள் இறங்கியபோது, கையில் இருந்த தூக்குப்பையில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் மட்டும் ஐந்தாறு கிலோ இருந்தன.

விடுதியில் அவளை அமர்த்திய அன்று ஆடவர் வரவேற்பறையோடு நிற்கவேண்டியதாயிற்று. எங்களுள் இல்லத்தரசியார் மட்டுமே மாடி ஏறிச் சென்று அறையைப் பார்த்தார். மற்றவர் அவர் சொல்லக் கேட்டதோடு சரி. இருவருக்கு ஓர் அறை. இரண்டு கட்டில், இரண்டு மேசை, இரண்டு அலமாரி, ஒரு சன்னல். சன்னலுக்கு வெளியே ஒரு பெருமரம். மற்றொரு கட்டிலில் அசாம் மாநிலத்துச் சிற்றூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி, கொசுவலையை எவ்வாறு கட்டுவது என்று தெரியாமல் அதைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருந்தாளாம். எங்கள் பெண்ணுக்கு ஒரு சாவி தந்தார்கள். வீட்டில் எட்டுப் பேருக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. அதுவும் பாட்டியின் இடுப்பில். தனக்கென்று ஒரு சாவி கையில் வந்ததும், அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அத்தையிடம் கேட்டாளாம். அத்தை தம் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த இடத்துக்குச் சாவியைப் பற்றிய ஒரு பழைய வரலாறும் உண்டு. இன்று அக்கழகம் நிற்கும் இஜ்லியில் ஆங்கில அரசு அரசியல் கைதிகளை அடைத்துவைத்த தடுப்புக்காவல் முகாம் இருந்தது. 1931 செப்டம்பர் 16 அன்று நிராயுதபாணிகளாக இருந்த கைதிகள்மீது காவலர் சுட்டனர். சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்ற இருவர் உயிர் துறந்தனர். இரவீந்திரநாத தாகூர் அக்கொடுமையைக் கண்டித்துக் குரல் கொடுத்தார். நாடு விடுதலை பெற்றபின், 1951-இல், அதே கட்டடத்தில்தான் 224 மாணவரோடும் 42 ஆசிரியரோடும் கழகத்தின் முதல் வகுப்புகள் தொடங்கின. அவ்வாண்டு ஆகஸ்ட் 18 அன்று மௌலானா ஆசாத் அதனை முறைப்படி திறந்துவைத்தார். வெளியிலிருந்து பூட்டப்பட்ட அறைகள் இருந்த நிலத்தில் இன்று பிள்ளைகள் தத்தம் அறைச் சாவியைத் தாமே வைத்திருக்கிறார்கள். இதனை அவளுக்கு எடுத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டாள். ஆனால் அழுகின்ற பிள்ளைக்கு வரலாறு ஆறுதல் ஆவதில்லை.

ஆம், முதல் மாதம் முழுவதும் அழுகைதான். விடுதி வாழ்வில் பெரிய துன்பம் என்று எதுவும் இல்லை, சிறியவை பல. காலையில் குளியலறைக்கு வரிசை. உணவுக்கூடத்தின் நேரம் தவறினால் வெறும் வயிற்றோடு வகுப்பு. துணி துவைப்பது, காயவைத்ததை மழைக்கு முன் எடுப்பது, பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவிடுவது, காய்ச்சல் வந்தால் தானே மருத்துவமனை தேடிப் போவது, எல்லாம் தன் பொறுப்பு. இந்நாட்டுச் சமையலில் கடுகெண்ணெய் மணக்கும். உருளைக்கிழங்கு இல்லாத வேளை இல்லை. பிரியாணியிலும் ஒரு முழுக்கிழங்கு அமர்ந்திருக்கும். வகுப்பில் ஆங்கிலம். வகுப்பு முடிந்து தாழ்வாரத்துக்கு வந்தால் இந்தியும் வங்காளமும். எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அறியாமல் தானும் சிரிப்பதைவிடக் களைப்பான வேலை இல்லை என்று அவள் சொன்னாள். அது எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தந்தையார் இவ்வூர்ப் பணிமனையில் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று.

வெள்ளிக்கிழமை மாலையானால் எங்கள் வாசலில் வந்து நிற்பாள். சனியும் ஞாயிறும் இரசம், அப்பளம், உறக்கம். திங்கட்கிழமை விடியலில் முகம் வாடிவிடும். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், “மாமா, நான் இங்கேயே தங்கிப் போய்வருகிறேனே. விடுதி வேண்டாம்” என்றாள். ஊரிலிருந்து அக்காளும் தொலைபேசியில், “தம்பி, பிள்ளை இளைத்துப்போய்விட்டாளாம். உன்னோடு வைத்துக்கொள்; இல்லையென்றால் வண்டி ஏற்றிவிடு. படித்தவரை போதும்” என்றாள்.

அன்றிரவு நாங்கள் நெடுநேரம் பேசினோம். இல்லத்தரசியாருக்கு அவளை வைத்துக்கொள்ள ஆசை. எங்களுக்குப் பிள்ளை இல்லை; வீட்டில் ஒரு பெண் குரல் கேட்பது இனிமையாகத்தான் இருந்தது. எங்களுள் அலுவலகம் செல்பவனோ பத்தாம் வகுப்போடு நின்றவன். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமாகவே, கருணை அடிப்படையில் கிடைத்த எழுத்தர் வேலையில் பதினெட்டு வயதில் அமர்ந்தவன். கல்லூரி வாசலைக் கடந்தவன் அல்லன். விடுதி வாழ்வில் பிள்ளைகள் என்ன பெறுகிறார்கள் என்று சொல்ல அவனுக்கு அனுபவம் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். அவனுடைய அலுவலகத்துக்கு வரும் இளைஞர்களில் விடுதியில் இருந்து படித்தவர்களைப் பார்த்த அளவிலேயே அடையாளம் காணலாம். அவர்கள் அறியாத இடத்தில் நின்று, அறியாத மனிதரிடம், தலை குனியாமல் ஒரு வினாவைக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டு இரசத்தால் அதைக் கொடுக்க முடியாது என்று தோன்றியது.

ஆகவே மறுநாள் அவளிடம் இவ்வாறு சொன்னோம்: “கண்ணு, இந்த வீட்டுக் கதவு உனக்கு எப்போதும் திறந்திருக்கும். ஆனால் பூசை விடுமுறை வரை விடுதியில் இருந்து பார். அதன் பின்னும் இதே எண்ணம் இருந்தால் நாங்கள் தடுக்க மாட்டோம்.” அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரவும் இல்லை. எங்கள் மனம் பட்ட பாடு சொல்லத் தரமன்று. அக்காளிடம் என்ன விடை சொல்வது என்று இரண்டு நாள் தொலைபேசியைப் பார்த்தபடியே இருந்தோம்.

அவள் வராததற்குக் காரணம் கோபம் அன்று, ஒரு மிதிவண்டி. கழகத்தின் வளாகம் ஏறத்தாழ 2,100 ஏக்கர் பரப்புடையது. விடுதிக்கும் வகுப்பறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் நடந்து மாளாது. மிதிவண்டி இல்லாதவர் முடவரே. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியின் பதினோராம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குவதை நம்மவர் அறிவர். எங்கள் பெண் அவ்வண்டியில் வாய்க்கால் வரப்பிலும் லாரிகள் ஓடும் சாலையிலும் இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போனவள். அவளுடைய அறைத்தோழிக்கோ மிதிவண்டி ஏறத் தெரியாது. ஒவ்வொரு நாளும் நடந்தே சென்று, முதல் வகுப்புக்குப் பிந்திப் போய், யாரிடமும் சொல்லாமல் அவளும் இரவில் அழுதுகொண்டிருந்திருக்கிறாள். ஓர் அறையில் இருவர். இருவரும் சுவரைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். ஒருத்தி அழுவது மற்றவளுக்குத் தெரியவில்லை.

தெரிந்த அன்றே எங்கள் பெண் அவளை விடுதியின் பின்புறச் சாலைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். மேல்வகுப்பு மாணவி ஒருத்தியிடம் வாங்கிய பழைய வண்டி. பின்னால் இருக்கையைப் பிடித்தபடி ஓடவேண்டும். பிடியை விட்டதைச் சொல்லாமல் விடவேண்டும். “நேராகப் பார், கீழே பார்க்காதே” என்பதை எந்த மொழியில் சொல்வது? தமிழிலேயே கத்தினாளாம். அது அவளுக்கு விளங்கிற்றாம். முழங்கால் சிராய்ப்புகள் இரண்டோடு நான்காம் நாள் அசாமியப் பெண் தனியே ஓட்டினாள். அதைப் பார்த்த மற்றொரு பெண்ணும் தனக்குக் கற்றுத் தரும்படி கேட்டாள். கைம்மாறாக இருவரும் எங்கள் பெண்ணுக்கு இந்தி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினர். எதுவும் தெரியாதவள் என்று தன்னை எண்ணியிருந்தவளிடம், மற்றவரிடம் இல்லாத ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் வந்து படுத்திருந்தால் அதை அவள் ஒருநாளும் கண்டுகொண்டிருக்கமாட்டாள்.

பூசை விடுமுறை வந்து போயிற்று. வீடு மாறும் பேச்சை அவள் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று தீபாவளி. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அவள் வருவாள் என்று இலேகியம் கிளறிப் புதுத்துணிக்கு மஞ்சள் தடவி வைத்திருந்தோம். முதல்நாள் மாலை அழைத்து, “அத்தை, இரவு முழுவதும் வேலை இருக்கிறது, வர இயலாது. நீங்கள்தான் நாளை மாலை இங்கே வரவேண்டும்” என்றாள். தீபாவளி இரவில் அங்குள்ள விடுதிகள் தமக்குள் போட்டியிட்டு அகல்விளக்கு அணிவகுப்பும் தரையில் வண்ணப்பொடி ஓவியமும் அமைப்பது அக்கழகத்தின் வழக்கம். விடியற்காலை நான்கரை மணிக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடும் துணியோடும் நாங்களே விடுதி வாசலுக்குப் போனோம். முழங்கை வரை சிவப்பும் நீலமுமாக வந்து நின்றாள். அத்தை அங்கேயே உச்சியில் மூன்று சொட்டு எண்ணெய் வைத்தார். அறைத்தோழியும் தலையை நீட்டினாள், அவளுக்கும் வைத்தார்.

அன்று மாலை பார்த்த காட்சியை எப்படி எழுதுவது! உயர்ந்த மூங்கில் தட்டிகளில் வரிசை வரிசையாக மண்விளக்குகள் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஏறி நின்று ஒவ்வொன்றாய் ஏற்றினார்கள். மின்விளக்குகள் அணைந்ததும், இருட்டிலிருந்து நெருப்பால் வரைந்த ஓர் ஓவியம் எழுந்து நின்றது. எங்கள் பெண் எங்களைக் கூட்டத்தினூடே அழைத்துச் சென்று, தோழியரிடம் இந்தியில் ஏதோ சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள். இம்முறை எதற்கென்று விளங்காமல் நின்றவர்கள் நாங்கள்தாம்.

இப்போது அவள் மாதம் ஒருமுறை வந்தால் பெரிது. ஞாயிற்றுக்கிழமை இலை போடும்போது இல்லத்தரசியார் சிலவேளை ஒன்று கூடுதலாக எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆனால் அந்த வருத்தத்துக்குத்தான் நாங்கள் படிவத்தில் கையெழுத்திட்டோம் என்று இன்று எண்ணுகிறோம்.

வரும் ஜூலையிலும் நம் ஊர்களுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அன்பர்கள் நிலையத்துக்குப் போய் அழைத்து வாருங்கள். முதல் வாரம் வயிறாரச் சோறு போடுங்கள். மருத்துவர் வீடும் நல்ல கடையும் காட்டிக் கொடுங்கள். நள்ளிரவில் அழைத்தாலும் தொலைபேசியை எடுங்கள். அறைத்தோழரின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்தமுறை அவரையும் சேர்த்து விருந்துக்கு அழையுங்கள். பிள்ளை திரும்பிவந்து உங்கள் திண்ணையில் அமர்ந்துவிட விரும்பினால், அன்போடு ஒரு தவணை கேளுங்கள். விடுதியின் அடுத்த கட்டிலில் யாரோ ஒருவர் கொசுவலையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கக்கூடும். அவருக்கு வேண்டியது நம் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம்.