இலையறிந்தால் இனமறியலாம்

அரபி மொழியைப் புதிதாகக் கற்க வரும் மாணவன் முதலில் இடர்ப்படும் இடம் அகராதியே ஆகும். 'மக்தப்' என்னும் சொல்லுக்குப் பொருள் காண வேண்டி அவன் 'மீம்' எழுத்தைப் புரட்டுவான். வேர் வாரியாகத் தொகுக்கப்பட்ட அகராதியில் அச்சொல் அங்கே இராது. முன்னே ஒட்டி நிற்கும் எழுத்தை நீக்கி, காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்து வேரைக் கண்டு, அதன் கீழ்த் தேடினால்தான் சொல் அகப்படும். நீண்ட காலமாக இதனைக் கற்பித்து வரும் நாம், புழு பூச்சிகளின் உலகிலும் ஏறத்தாழ இதே இலக்கணம் நிலவக் கண்டு வியந்திருக்கிறோம். வண்ணத்துப் பூச்சியின் புழுவை இனங்காண விழைவோர், புழுவைப் பார்க்கும் முன் அஃது உண்ணும் இலையைப் பார்த்தல் வேண்டும். இலையே அதன் வேர்ச்சொல்.

நமது மத்ரஸாவின் கிணற்றடியில் ஓர் எலுமிச்சையும் ஒரு கறிவேப்பிலையும் நிற்கின்றன. அவற்றின் தளிரில் பறவையின் எச்சம் போன்று கருமையும் வெண்மையும் கலந்து ஒட்டிக் கிடப்பதை உற்று நோக்கினால், அது மெல்ல அசையும். எச்சத்தைக் கொத்த எந்தக் குருவி வரும்? சில நாட்களில் தோலுரித்து, இலையின் பசுமையையே அது போர்த்துக் கொள்ளும். தொட்டால், தலைக்குப் பின்னிருந்து பிளவுபட்ட கொம்பொன்றை நீட்டிக் கடுநெடி வீசும். இவ்விலைகளில் இத்தகைய புழுவைக் கண்டால், பெரும்பாலும் அது எலுமிச்சை அழகி, அல்லது கறிவேப்பிலை அழகி என்று துணியலாம். சிறகு முளைத்த பின் ஐயம் தீரும். முன்னதற்குப் பின்சிறகில் வால் இல்லை, பின்னதற்கு உண்டு.

சிறகை மட்டும் நம்புவோர் ஏமாறுவதும் உண்டு. ஆடுதீண்டாப்பாளை என்னும் கொடியைக் கசப்பின் மிகுதியால் ஆடும் தீண்டாது என்பர். அதனைத் தின்று வளரும் சிவப்புடல் அழகியின் உடலில் நஞ்சு தங்கிவிடுவதால், பறவைகள் அதனை ஒதுக்குகின்றன. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களிற் சில, அதே கருமையும் சிவப்பும் வெண்மையும் பூண்டு, நஞ்சுடையதன் நிழலில் உயிர் பிழைக்கின்றன. பறக்கும்போது இரண்டும் ஒன்றெனவே தோன்றும். ஆயினும் முட்டையிட வரும் வேளையில் ஒன்று கறிவேப்பிலையை நாடும். மற்றது ஆடுதீண்டாப்பாளையை நாடும். உடையால் மறைத்த பிறப்பை இலை காட்டிக் கொடுத்துவிடும்.

அறிஞர் உலகமும் இவ்வுயிர்களைப் பல வழிகளில் அடுக்கிப் பார்த்திருக்கிறது. கி.பி. 1405-இல் மறைந்த எகிப்திய அறிஞர் கமாலுத்தீன் தமீரீ, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் உயிரினங்களை அரபி நெடுங்கணக்கு வரிசையில் வைத்தார். திருமறையின் 101-ஆம் அத்தியாயத்தில் உவமையாக வரும் 'ஃபராஷ்' என்ற சொல்லோ, பகலில் மலர் தேடும் வண்ணத்துப் பூச்சிக்கும் இரவில் விளக்கைச் சுற்றும் விட்டிலுக்கும் பொதுவாக வழங்குகிறது. சேற்றிலிருந்து புழு தானே தோன்றுகிறது என்று பலரும் நம்பிய காலத்தில், ஜெர்மனியிற் பிறந்த மரியா சிபில்லா மெரியான் என்னும் பெண்மணி புழுக்களைத் தாமே வளர்த்துப் பார்த்தார். 1679-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு பூச்சியையும், புழு, கூட்டுப்புழு, சிறகுடைய நிலை என்னும் பருவங்களோடும் அஃது உண்ணும் செடியோடும் ஒரே ஓவியத்தில் தீட்டினார். எழுத்து வரிசை, பெயரைத் தேடுவோர்க்கு உதவும். செடியோடு சேர்த்த வரிசையோ, உயிரைத் தேடுவோர்க்கு உதவும்.

நமது மாணவர்கட்கு இதனை விளக்க முற்பட்டபோது, அவர்கள் கேட்ட முதற் கேள்வி, "ஹஜ்ரத், இது கடிக்குமா?" என்பதே. அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. முருங்கை மரத்தில் கூட்டங் கூட்டமாய் மொய்க்கும் கம்பளிப் பூச்சியின் மயிர் பட்டால் உடல் தடித்து அரிக்கும். அதனால் தீப்பந்தம் பிடித்து அதனைப் பொசுக்குவது ஊர் வழக்கம். ஆனால் அஃது இரவில் பறக்கும் அந்துப் பூச்சியின் புழு. வண்ணத்துப் பூச்சியாக மாறுவதன்று. எருக்கிலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வளையமிட்டு, மூன்று இணைக் கரிய இழைகளோடு ஊரும் வெந்தய வரியனின் புழுவோ யாரையும் தீண்டாது. ஆமணக்கிலும் சிறுபூனைக்காலிக் கொடியிலும் காணும் முள்ளுடைய சில புழுக்களும் பார்வைக்கே கொடியவை. முருங்கையின் குற்றத்துக்கு எருக்கு தண்டனை பெறுவது நீதியாகுமா?

இக்கேள்வி வகுப்பறையோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை எழுந்திராது. நமது ஊர் மையவாடியைத் துப்புரவு செய்து, களைக்கொல்லி தெளித்து, மதிலோரம் பூந்தொட்டிகள் வைப்பதென ஜமாஅத்தார் அண்மையில் ஆலோசித்தனர். புதரில் பாம்பு அடைகிறது, ஜனாஸாவைச் சுமந்து வருவோர் காலில் முள் தைக்கிறது என்று அவர்கள் கூறியது மறுக்கவொண்ணாத உண்மை. நாம் எழுந்து, சீமைக் கருவேலத்தை வேரோடு களையுங்கள், பாதையை அகலமாக்குங்கள், தென்மதிலோரத்து எருக்கையும் அதனடியில் தரையோடு படர்ந்த ஆடுதீண்டாப்பாளையையும் மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டோம். "பூச்சிக்குத்தான் பூந்தொட்டி வைக்கிறோமே ஹஜ்ரத்!" என்றார் ஒரு பெரியவர்.

பூ வேறு, இலை வேறு என்பதை அப்போது விளக்க வேண்டியதாயிற்று. மலர், பூச்சிக்கு விருந்து மண்டபம். எந்த மண்டபத்திலும் அது தேனருந்தும். இலையோ பேறுகால வீடு. பொதுவாக ஒவ்வோர் இனமும் தனக்குரிய சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். ஆயிரம் தொட்டிகளில் செவ்வந்தி வைத்தாலும் வெந்தய வரியனின் புழு அதனைத் தின்று வளராது. தமிழக அரசு 2019-இல் மாநில வண்ணத்துப் பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியது. அதன் புழு நீரடிமுத்து இனத்து மரங்களின் இலையை உண்பது. அம்மரம் வீழ்ந்தால், பட்டம் சூட்டப்பெற்ற அம்மறவனும் வீழ்வான். அங்கே மரத்துக்குள்ள மதிப்புத்தான் இங்கே எருக்குக்கும்.

பெரியவர்கள் நெடுநேரம் பேசினர். முடிவில், தென்மதிலோரம் பத்தடி அகலம் மட்டும் மருந்து தெளியாமல் விடப்பட்டது. மற்ற இடமெல்லாம் வெறுந்தரையாயிற்று. நாம் கேட்டதினும் அது குறைவே. எனினும் முட்டை சிறகாக ஏறத்தாழ ஒரு திங்கள் போதும். அதற்கு அப்பத்தடி இடம் கொடுக்கும். இப்போது மாணவர்கள் அங்கே சென்று எருக்கிலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பொற்புள்ளிகள் பதித்த கூட்டுப்புழு ஒன்று தலைகீழாய்த் தொங்கக் கண்டதாக ஒரு சிறுவன் ஓடி வந்து சொன்னான். "எந்தப் பூச்சி?" என்று நாம் வினவினோம். அவன் சிறகைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "எருக்கில் இருக்கிறது, ஹஜ்ரத்" என்றான்.