கடைசிச் செடிக்குப் போகாத தண்ணீர்

 

தை மாதம் நம் தோட்டத்தில் நிழல்வலைக் குடில் போட்டு, சொட்டுநீரில் தக்காளி வைத்ததைப் படத்தோடு போட்டிருந்தேன். "சார், அறுவடை எப்போ?" என்று பலர் கேட்டீர்கள். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

நம் காரைக்குடிப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான். அப்பத்தா காலத்தில் கன்றுக்குப் பக்கத்தில் ஓட்டைப் பானையைப் புதைத்து, ஓட்டையில் துணித்திரி செருகித் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். வேருக்கு மட்டும் ஈரம். ஏறக்குறைய அதே கருத்தைத்தான் சிம்கா பிளாஸ் என்ற இஸ்ரேல் பொறியாளர் பிளாஸ்டிக் குழாயில் கொண்டுவந்தார். 1965-இல் அங்கே அதற்கென்று ஒரு நிறுவனமே தொடங்கினார்கள்.

நம் குடிலில் முன்பக்கச் செடிகள் பளபளவென்று காய்த்தன. கடைசிப் பக்கத்தில் மட்டும் காயின் அடி கறுத்து, குழிந்து அழுகியது. நோய் என்று இரண்டு தடவை மருந்தடித்தேன். நாற்று மோசம் என்று விற்றவரிடம் சத்தம் போட்டேன்.

ஒரு நாள், என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த பையன் ஒருவன் பார்க்க வந்தான். இப்போது சொந்தமாக விவசாயம் செய்கிறான். காயைப் பார்த்தவுடன், "ரெண்டு டம்ளர் குடுங்க சார்" என்றான். முதல் செடியின் சொட்டுவானுக்கு அடியில் ஒன்று, கடைசிச் செடிக்கு அடியில் ஒன்று வைத்தான். மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான். 6 நிமிடத்தில் 200 மில்லி வர வேண்டும். முதல் டம்ளர் நிறைந்தது. கடைசியில் கால் டம்ளர்கூட இல்லை.

"ஃபில்டரை எப்போ கழுவுனீங்க சார்?"

மாட்டிய நாளிலிருந்து நான் திறக்கவே இல்லை. குழாய் முனையின் மூடியைக் கழற்றினால் காவித் தண்ணீர் கொட்டியது.

மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், அது தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகும். தண்ணீர் குறைந்தால் காயின் நுனிக்குச் சத்து எட்டாது, அழுகிவிடும். சைலம் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். ஆனால் தினமும் வாசலில் நின்று முன்வரிசையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி" என்று திரும்பியிருக்கிறேன்.

அந்தப் பையன் என் வகுப்பில் கடைசி பெஞ்ச். முன் பெஞ்ச் பதில் சொன்னால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் நாற்று விற்றவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது வாரம் ஒரு முறை ஃபில்டரைக் கழுவுகிறேன். மாதம் இரண்டு முறை குழாய் முனையைத் திறந்துவிடுகிறேன். கடைசிச் செடியில்தான் அளந்து பார்க்கிறேன். சொட்டுநீர் போட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: நம் மாநிலத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

புதுக் காய்கள் நன்றாக வருகின்றன. ஊர்ப்பக்கம் வந்தால் ஒரு பையோடு வாருங்கள். கடைசி பெஞ்ச்காரர்கள் முதலில்!