வந்து போகும் நெருப்பு

திருவேங்கடத்தில் படகு ஓட்டத் தண்ணீர் கிடையாது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடு. பருத்தி, மக்காச்சோளம், தீப்பெட்டி ஆபீஸ். அந்த ஊர்க்காரர் ஒருவர் குளச்சலில் படகு எஞ்சின் பார்க்கிறார் என்று நண்பர் சொன்னபோது, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று கேட்கவே கிளம்பினேன்.

அண்ணாச்சிக்கு அறுபது நெருங்குகிறது. சித்தப்பாவின் பட்டறையில் பம்புசெட் கழற்றி மாட்டிப் பழகியவர். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சின்கள் அவை. 1990இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. கிணறுதோறும் கரண்ட் மோட்டார் ஏற ஏற, பட்டறையில் ஈ ஆடியது. அதற்குள் குமரிக் கடற்கரையில் வள்ளங்களுக்குப் பின்னால் ஜப்பான் எஞ்சின்கள் தொங்க ஆரம்பித்திருந்தன. அவையும் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. “கெணத்துல பாத்த வேலைதான், இங்க உப்பு கூட” என்றார்.

நான் போன அன்று 9.9 குதிரைசக்தி எஞ்சின் ஒன்று மர ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. உடைமைக்காரர் இளைஞர். “நல்லா ஓடும். திடீர்னு மிஸ் அடிக்கும், நின்னுபோவும். கொஞ்ச நேரத்துல ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும்.” இரண்டு பட்டறை பார்த்தாகிவிட்டதாம். டிரம் தண்ணீரில் இறக்கினால் கோளாறே வராது.

அண்ணாச்சி ஸ்பானரைத் தொடவில்லை. கேள்விதான். இழுத்து இழுத்து நின்றதா, படக்கென்று நின்றதா? எண்ணெய் வராவிட்டால் எஞ்சின் திணறித் திணறித்தான் அடங்கும். டியூபில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கினால் திரும்ப உயிர் வரும். சுவிட்சை அணைத்த மாதிரி நின்றால் கரண்ட் கோளாறு. இளைஞர், “படக்குன்னுதான்” என்றார்.

அடுத்து அவருடைய ஆயுதம் வந்தது: கையகலத் தேக்குக் கட்டையில் எதிரெதிராக அறைந்த இரண்டு ஆணிகள். ஒன்றில் பிளக் ஒயர், இன்னொன்றிலிருந்து எஞ்சின் உடம்புக்கு எர்த். நடுவில் ஏழெட்டு மில்லிமீட்டர் இடைவெளி. பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து நெருப்புப் பார்ப்பதில் பாதி ஏமாற்று என்பது அவர் கட்சி. சிலிண்டருக்குள் அமுங்கிய காற்றைத் தாண்டிக் குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். சோர்ந்துபோன காயில் வெளியே ஜோராக நெருப்புக் காட்டிவிட்டு உள்ளே கைவிடும். ஆணிகளுக்கு இடையிலான தூரத்தை அது தாண்டினால்தான் தேறியது. கயிற்றை இழுத்தார், நீலமாக, சத்தத்தோடு தாண்டியது. சூடேற்றிப் பார்த்தார், அப்போதும் தாண்டியது. பிறகு கார்பரேட்டரைப் பிரித்தார்கள். அதற்குள் டீ வந்துவிட்டதால் அந்தப் படலத்தை விட்டுவிடுகிறேன்.

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்: “தம்பி, நேரா போகையிலயா, திரும்பையிலயா?”

இளைஞர் யோசித்தார். “கரைக்குத் திருப்பும்போதுதான் கூடுதல்.”

எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே அவர் சுக்கான் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். எஞ்சினை டிரம்மில் ஓட்டி, கைப்பிடியை இடக்கோடிக்குத் தள்ளி லேசாக ஆட்டினார். மிஸ் அடித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார், நின்றது. நிறுத்துகிற சுவிட்சின் ஒயர் கைப்பிடி மடங்கும் இடத்தில் தோலுரிந்து, திரும்பும்போதெல்லாம் உலோகத்தில் உரசியிருக்கிறது. அந்த ஒயர் எர்த்தானால் சி.டி.ஐ. என்கிற இக்னிஷன் பெட்டி நெருப்பை வெட்டிவிடும், எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடே அதுதான். டிரம்மில் யார் கைப்பிடியைத் திருப்பப் போகிறார்கள்?

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால் வள்ளம் குறுக்கே விழும். 2017 நவம்பர் ஒக்கிப் புயலில் எத்தனை பேரை இழந்தது என்று இந்தக் கரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய ஒயரை வெட்டிப் புதிது போட்டு, உரசாமல் டியூப் ஏற்றி, கிரீஸ் தடவியாயிற்று. கூலி முந்நூறு ரூபாய். அப்புறம்தான் இளைஞர் படகிலிருந்த பையைப் பிரித்தார்: புது சி.டி.ஐ., புது காயில், பிளக்குகள். எஞ்சினுக்குக் கடன் கொடுத்தவரே மீனை எடுக்கும் ஆள். உதிரிப் பாகமும் அவர் கைகாட்டும் கடையில்தான். பிடித்த மீனை வேறு ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது, விலை அவர் சொல்வதுதான். இந்த ஏற்பாட்டில், வந்து வந்து போகும் கோளாறு போல லாபமானது வேறில்லை. மாட்டிய ஒவ்வொரு சாமானும் நாலு நாள் வேலை செய்ததாகத் தோன்றும். கணக்கில் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சங்கங்கள் கட்டி இந்தப் பிடியிலிருந்து பலர் வெளியே வந்த கடற்கரை இது. வெளியே வராதவர்களும் இருக்கிறார்கள்.

“இதெல்லாம் திருப்பிக் குடுத்துரலாம்லா?” என்று கேட்டேன்.

“எலெக்ட்ரிக் சாமான், கவர் பிரிச்சா எடுக்க மாட்டான்” என்றார் அண்ணாச்சி. மூன்று கவரும் பிரித்திருந்தன.