படியெடுத்துக் காப்போம்

ஓலைச் சுவடிக்கு வாழ்நாள் உண்டு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். செல் அரிக்கும், ஈரம் கெடுக்கும், தீ அழிக்கும். ஆகவேதான் பழஞ்சுவடி சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தனர். 1894ஆம் ஆண்டு டாக்டர் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது, பல படிகளை ஒப்புநோக்கியே பாடம் தேர்ந்தார். ஒரு படியில் சிதைந்தது மற்றொரு படியில் எஞ்சியிருந்தது. இவ்வுண்மையை வகுப்பறையில் பல்லாண்டு எடுத்துரைத்த யாம், எம் இல்லத்தில் அதனைக் கைக்கொள்ளத் தவறினோம். அத்தவற்றையும் பின்னர்ச் செய்த ஏற்பாட்டையும் பிறர்க்குப் பயன்படுமெனக் கருதி இங்கு எழுதுகின்றோம்.

எம் தந்தையார் தம் இறுதிக் காலத்தில் குடும்ப வரலாற்றையும் ஊர்ப் பழமொழிகளையும் எம் பாட்டியார் பாடிய தாலாட்டுகளையும் பதினொரு ஒலிநாடாக்களில் பதிந்து வைத்தார். அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, வீட்டிலுள்ள கணினிகள் அனைத்தும் அணுகத்தக்க வலையமைப்புச் சேமிப்பகத்தில் வைத்தோம். அச்சிறு பெட்டியில் வன்தட்டுகள் இரண்டு. ஒன்றில் எழுதப்படுவது மற்றொன்றிலும் உடனே எழுதப்படும். 'ரெய்டு' என்னும் ஏற்பாட்டின் ஒரு வகை இது. ஒரு தட்டு பழுதுற்றாலும் மற்றொன்று காக்கும் என்று அமைதி கொண்டோம்.

ஒருநாள் வேண்டாத கோப்புறைகளை அகற்றுகையில், தந்தையாரின் குரல் இருந்த கோப்புறையையும் தவறுதலாக அழித்துவிட்டோம். கண்ணாடி முன் நிற்பவர் விலகினால் நிழலுருவும் விலகும் அன்றோ? முதல் தட்டில் அழிந்தது இரண்டாவதிலும் உடனே அழிந்தது. மூல நாடாக்களோ பூஞ்சை படர்ந்து இயங்காதொழிந்தன. வெளியூரில் வாழும் எம் தமக்கையார் முன்பு பெற்றுச் சென்றிருந்த ஏழு நாடாக்களின் படி மட்டுமே மீண்டது. மற்ற நான்கும் போயின. தாலாட்டுகள் அந்நான்கில்தான் இருந்தன.

அதன் பின்னரே புறவன்தட்டு ஒன்றை வாங்கி, சேமிப்பகத்தின் யு.எஸ்.பி. வாயிலில் இணைத்தோம். முதலில் தட்டினை வடிவமைக்க வேண்டும். பழைய 'ஃபாட் 32' முறைமை 4 கிகாபைட் அளவுள்ள தனிக் கோப்பை ஏற்காது. எம் சேமிப்பகம் லினக்ஸ் அடிப்படையில் இயங்குவதால் 'எக்ஸ்ட் 4' முறைமையைத் தேர்ந்தோம். விண்டோஸ் கணினி அதனை நேரே படிக்காது என்பது ஒரு குறை. நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட்டைப் படியெடுக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். சிறு படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தமையால் எமக்கோ இரவு முழுதும் கழிந்து மறுநாள் நண்பகலும் ஆயிற்று. அடுத்த முறை முதல் மாறிய கோப்புகள் மட்டுமே எழுதப்படுகின்றன. பழைய நிலைகளையும் நீக்காது வைக்குமாறு பணித்துள்ளோம். இன்றேல் யாம் செய்த பிழையும் அப்படியே படியெடுக்கப்பட்டுவிடும்!

பணி முடிந்ததும் தட்டினை முறைப்படி விடுவித்துக் கழற்றிவிடுகின்றோம். 2017 மே திங்களில் பரவிய 'வன்னாக்ரை' என்னும் தீநிரல், கணினியோடு இணைந்திருந்த தட்டுகளிலுள்ள கோப்புகளையும் பூட்டிப் பணம் கேட்டது. மின்னல் பாய்ந்தாலும் இணைந்திருப்பவை யாவும் கெடக்கூடும். ஒரே கூரையின் கீழ் அனைத்தையும் வைத்தலும் தகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாச் சுவடிகள் மீளாது மறைந்தன. எனவே இரண்டாவது புறவன்தட்டு ஒன்றைத் தமக்கையார் இல்லத்தில் வைத்து, அங்குச் செல்லும்போதெல்லாம் மாற்றி எடுத்து வருகின்றோம்.

படியெடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கின்றதா என்றும் காணல் வேண்டும். திங்கள்தோறும் ஒருநாள், புறவன்தட்டிலிருந்து தந்தையாரின் பதிவு ஒன்றை மீட்டெடுத்துக் கேட்கின்றோம். சோதனைக்கென்று தொடங்கியது, இப்போது வீட்டார் அனைவரும் அமர்ந்து கேட்கும் வழக்கமாகிவிட்டது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து முதியோரின் குரலும் படமும் கடிதமும் ஓரிடத்தில் மட்டுமே இருக்குமாயின், இன்றே இன்னொரு படி எடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். எமக்கு நான்கு நாடாக்கள் போயின. உங்களுக்கு ஒன்றும் போக வேண்டா.