பாய்மரத்தின் உச்சியில் ஒரு வயர்மேன்

கொச்சி போல்காட்டி மரினாவில் ஒதுங்கியிருந்த அந்தப் பாய்மரப் படகு அடுத்துச் செங்கடலுக்குப் போக வேண்டும். காற்றின் வேகமும் திசையும் காட்டும் கருவி வேலை செய்யவில்லை, வி.எச்.எஃப். ரேடியோவில் வெறும் இரைச்சல். மரத்தின் உச்சியில் உள்ள கருவி, ஆன்டெனா, விளக்கு, அவற்றிலிருந்து இறங்கும் வயர் எல்லாவற்றையும் மாற்றும் வேலையை அருகிலிருந்து பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன்.

மேலே ஏறியவர் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர். ஆழ்கடல் மீன்பிடியை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். கீழே வின்ச் சுற்றியவர், அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மலையாளப் பெரியவர். பாய் ஏற்றும் கயிற்றில் கித்தான் இருக்கை. காப்புக்கு இன்னொரு கயிறு தனியாக இடுப்பு வாரில். ஸ்பானர், திருப்புளி எல்லாவற்றையும் நூல்கயிற்றால் இருக்கையில் கட்டிக்கொண்டார். 16 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு ஸ்பானர் தவறினால் கீழே நிற்பவர் உயிர் போகும். பிறகுதான் "சேட்டா, வலிச்சோ" என்று குரல் கொடுத்தார்.

பாய்மரம் உள்ளே கூடான அலுமினியக் குழாய். பழைய கேபிளின் மேல்நுனியில் மெல்லிய கயிற்றைக் கட்டிக் கீழிருந்து உருவினால், கேபிள் வெளியே வந்து கயிறு உள்ளே நிற்கும். அந்தக் கயிற்றில் புதிய கேபிளைக் கட்டி மேலே இழுக்கிறார்கள். பாதி வழியில் முடிச்சு கழன்றால், கிரேன் வைத்து மரத்தையே இறக்கும் நிலை வரலாம். அதனால் கேபிளின் உறையில் ஊசியால் நூல் கோத்து இறுக்கி, எங்கும் தட்டாதபடி டேப்பை நுனி நோக்கி மெலிவாகச் சுற்றினார். அந்த முடிச்சுக்கு அவர் செலவிட்ட நேரத்தில் நான் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உருவிய பழைய வயரைக் கீறிக் காட்டினார். செம்பு கறுத்து, நுனியில் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. உப்பீரம் இழைகளுக்கிடையே ஊர்ந்து ஏறிவிடும். புதிதாகப் போட்டது வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி. விலை கூடுதல்தான்; கடலில் வேறெதுவும் போடக் கூடாது. கேபிளின் கனம் இணைப்பில் தொங்காதபடி உச்சியில் தனிப் பிடியும் வைத்தார்.

வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. 16 மீட்டர் உயர ஆன்டெனாக்கள் கொண்ட இரண்டு படகுகள் சுமார் 33 கிலோமீட்டர் தூரத்தில் பேசிக்கொள்ளலாம். அதையே தளத்தில் நின்று கையடக்க ரேடியோவில் பேசினால் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். கடைசியாக உச்சி விளக்கைப் போட்டும் அணைத்தும் ரேடியோவைக் கேட்டார்கள். மட்டமான எல்.இ.டி. விளக்கு பக்கத்து ஆன்டெனாவில் இரைச்சலைப் புகுத்தி, தூரத்துக் குரலைக் கேட்கவிடாமல் செய்துவிடும். இரைச்சல் கூடவில்லை.

2017 ஒக்கிப் புயலில் எச்சரிக்கை எட்டாமல் ஆழ்கடலில் சிக்கியவர்களில் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஏராளம். ஒரு ரேடியோவின் அருமையை அந்த ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஐ.டி.ஐ.களில் வயர்மேன் பிரிவு இருக்கிறது. கடலோர மாவட்டங்களிலாவது படகு வயரிங்கையும் அதில் ஒரு பாடமாகச் சேர்க்க வேண்டும். கற்றுக்கொடுக்க இவரைப் போன்றவர்களை அழைக்க வேண்டும்.