மங்கலதேவி மலைக்கு ஒரு ஜீப் பயணம்

மறைமலை நகரில் குடியிருப்போருக்கு மோட்டார் வாகனம் ஒரு புதுமையன்று. தனித்தமிழ் கண்ட மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய இவ்வூரில்தான் ஃபோர்டு தொழிற்சாலை கால் நூற்றாண்டுக் காலம் இயங்கிற்று. மேடு பள்ளம், சேறு, பாறை எதற்கும் அஞ்சாத 'எண்டெவர்' என்னும் சொகுசு வாகனம் உருவானதும் இங்கேதான். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது ஊரே வாடிற்று. அதற்கு முன்பே எங்கள் மருமகன் ஒன்றை வாங்கி, சிங்கப்பெருமாள் கோயில் பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதியில் பூஜை போட்டிருந்தார்.

என் இல்லாளுக்கோ நெடுநாளாக ஓர் ஆசை. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுத்த இடம் என்று நம்பப்படும் மங்கலதேவி கோயிலை ஒருமுறை தரிசிக்க வேண்டும். தேனி மாவட்டத்திற்கும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திற்கும் இடையே, மலை முகட்டில், காட்டினுள் இருக்கிறது அக்கோயில். ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டுமே பக்தர்களுக்கு வழி திறக்கும். நம் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து 6 கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக நடக்க வேண்டும். அவளுடைய முழங்கால் அதற்கு இடம் தராது. குமுளி வழியே ஜீப்பில் ஏறுவதே வழி.

"ஜீப் எதற்கு மாமா? நம் வண்டியே ஏறிவிடும்" என்றார் மருமகன். தரையிலிருந்து 225 மில்லிமீட்டர் உயரம், 800 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரையும் கடக்கும் திறன், நான்கு சக்கரமும் இழுக்கும் விசை என்று அடுக்கினார். அவர் சொன்னதில் பொய்யில்லை.

2024 ஏப்ரல் 23 அன்று சித்ரா பௌர்ணமி. திண்டுக்கல், தேனி, கம்பம் வழியே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் அலுப்பின்றிக் கடந்து, முதல் நாளே குமுளி சேர்ந்தோம். அங்கேதான் அந்த வண்டியின் பயணம் நின்றது. போக்குவரத்துத் துறையினர் முன்கூட்டியே சோதித்து அனுமதி அளித்த ஜீப்புகளுக்கே மேலே செல்ல இசைவு. மருமகனுக்கு முகம் சுருங்கிற்று. விடியுமுன் நாங்களும் வரிசையில் நின்றோம்.

எங்களுக்கு வாய்த்தது வர்ணம் மங்கிய பழைய ஜீப். 1978-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பெரியாற்றுக் காட்டினூடே 14 கிலோமீட்டர் அளவு பாதை. பாதை என்பதும் மரியாதைச் சொல்லே. மழைநீர் அரித்த ஓடைத் தடமும் உருண்ட கற்களுமே எங்கும். நாங்கள் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டோம். ஓட்டுநரோ கீழ்க் கியரில் போட்டு, அவசரமின்றி, ஒவ்வொரு கல்லையும் சக்கரம் தொட்டுப் பார்த்தபின் ஏறுவதுபோல் ஓட்டினார். ஒரு கொண்டை வளைவில் நிறுத்திப் பின்வாங்கித் திரும்பினார். மருமகன் எட்டிப் பார்த்தார். 5 மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமும் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையுமாக நம் வண்டி இங்கே என்ன பாடுபட்டிருக்கும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். "அண்ணே, எத்தனை வருஷமா ஓட்டறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த மலைக்கு வருஷத்துல ஒருநாள்தானே ஐயா. மத்த நாள் இது மிருகங்களோட வழி" என்றார் அவர்.

விலையுயர்ந்த வண்டிகளைக் கரடுமுரடான தடங்களில் ஏற்றுவதை இன்று பலர் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். அதற்கென்று ஒதுக்கிய மைதானங்களில் செய்தால் எனக்கு மறுப்பில்லை. காட்டுக் கோயிலின் வழியை அதற்குப் பழகும் களமாக்குவது முறையன்று. தமிழகப் பக்கம் சாலை வேண்டும் என்ற கோரிக்கையும் நெடுநாளையது. என் போன்ற முதியோர்க்கு அது வரமே. ஆனால் அந்த நிசப்தத்தைக் கண்டபின் என் மனம் இரண்டுபட்டது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளிற்று. சரிந்த கற்பாளங்களிடையே, சந்தனக் காப்பில் அம்மன். ஒருபுறம் பொங்கல் பானைகள், மறுபுறம் தமிழும் மலையாளமும் கலந்த குரவை. மதுரையை எரித்தவள் என்று நாம் படித்தவளின் முகத்தில் அன்று சினமில்லை. வளையலும் மஞ்சள் கயிறும் பெற்ற இல்லாள் நெடுநேரம் எழவில்லை.

இருட்டுமுன் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்பது கட்டளை. குமுளியில் இறங்கியதும் மருமகன் ஓட்டுநரின் கையைப் பற்றி, அம்மன் குங்குமத்தை அந்த ஜீப்பின் நெற்றியிலும் இட்டார். எங்கள் வண்டி காலையில் நிறுத்திய இடத்திலேயே, தூசுகூடப் படாமல் நின்றிருந்தது.